இரவல் இறகு அணிந்த காக்கை: படக்கதைகளின் வழியே குழந்தைகளுக்குப் பணிவைச் சொல்லித்தருவது எப்படி?

சிலேட்டுப்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பத்து நாட்களாக என் மனத்தை அரிக்கும் ஒன்றை இங்கே எழுதி, உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் வகுப்பு நூலக மூலையில் காக்கையும் மயிலிறகும் பற்றிய ஒரு படக்கதை இருக்கிறது. கீழே விழுந்து கிடந்த மயிலிறகுகளைத் தன் வாலில் செருகிக்கொண்டு, ஒரு காக்கை மயில்களுக்கு நடுவே சென்று நிற்கிறது. மயில்கள் கொத்தி விரட்டுகின்றன. திரும்பி வந்தால் காக்கைக் கூட்டமும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஈசாப்பின் பெயரில் வழங்கும் பழைய கதைதான். தற்பெருமை கூடாது என்பதைப் பிள்ளைகள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணி, நான் அதை உரக்க வாசித்தேன். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

மறுவாரம் பள்ளி ஆண்டு விழா நடந்தது. என் வகுப்பில் ஒரு சிறுமி, பெரியம்மா மகளின் பட்டுப்பாவாடையை வாங்கி உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். பாவாடை சற்று நீளம். இடுப்பில் ஊக்குக் குத்தியிருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்து, "மயிலிறகு வெச்ச காக்கா" என்று சொல்லிவிட்டது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சிறுமி கருநிறத்தவள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்தச் சொல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் குத்தியது. அதற்குப் பிறகு அவள் வகுப்பில் கையை உயர்த்துவதே இல்லை.

பிள்ளைகள் கதையைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. மிகச் சரியாகப் புரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னார்கள். அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. பணிவைக் கற்பிக்க நான் எடுத்த கதை, ஏற்கெனவே தாழ்ந்து நின்ற ஒரு குழந்தையை இன்னும் தாழ்த்திவிட்டது. விலங்குக் கதைகளையே விட்டுவிட வேண்டுமா, அல்லது நான் தேர்ந்தெடுத்த விதம்தான் பிழையா?

பழம்புத்தகம் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வி பழையது. ஆனால் இன்னும் யாரும் அதற்கு முடிவான விடை சொல்லிவிடவில்லை. நான் கிளை நூலகங்களில் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன். சிறுவர் பகுதியில் பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள், எடுத்துவிட்டு எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமீல்' என்னும் நூலில், காக்கையைப் புகழ்ந்து அதன் வாயிலிருந்த பாலாடைக்கட்டியை நரி பறித்துக்கொள்ளும் கதையை எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு அது ஆகாது என்று வாதிடுகிறார். பெரியவர்கள் எதிர்பார்ப்பதுபோல், ஏமாந்த காக்கையின் இடத்தில் குழந்தை தன்னை வைத்துப் பார்ப்பதில்லை. காக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வென்ற நரியின் பக்கம் சேர்ந்துகொள்கிறது என்பது அவர் கருத்து. நம் பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள். ரூசோ சொன்னது விளங்கும். காக்கை வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடியது என்று நம் வீடுகளில் கதையை மாற்றிச் சொல்லத் தொடங்கினார்களே, அந்த மாற்றத்தை எந்தப் பண்டிதரும் செய்யவில்லை. காக்கைக்காக யாரோ ஒரு குழந்தையோ பாட்டியோ வருந்தியதால் வந்தது அது என்றே நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தக் கதைகள் முதன்முதலில் யாருக்குச் சொல்லப்பட்டன? அமரசக்தி என்னும் அரசனின் மூன்று மூட மைந்தர்களை ஆறு மாதத்தில் அறிவுடையவர்களாக்குவதாக வாக்களித்து, விஷ்ணுசர்மன் சொன்ன கதைகள் என்றுதான் பஞ்சதந்திரம் தன்னையே அறிமுகம் செய்துகொள்கிறது. வாயை அடக்க முடியாமல் கீழே விழுந்த ஆமையின் கதை, புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளிலும் உண்டு. அங்கே, ஓயாமல் பேசும் ஓர் அரசனுக்கு அவனுடைய அமைச்சர் அதைச் சொல்லிக் குறிப்பாக உணர்த்துகிறார். ஈசாப் சாமோஸ் தீவில் அடிமையாக இருந்தவர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஃபீட்ரஸ் என்னும் உரோமானியப் புலவர், வெளிப்படையாகப் பேச அஞ்சிய அடிமைகள் தம் மனத்திலுள்ளதை மறைத்துச் சொல்லவே இத்தகைய கதைகள் பிறந்தன என்கிறார். அரசனுக்கும் அரசன் மகனுக்கும் ஆண்டைக்கும் கீழே இருந்தவர்கள் துணிந்து சொன்ன கதைகளை, நாம் தலைகீழாகத் திருப்பி, மிகவும் சிறியவர்களுக்கு மேலே நின்றுகொண்டு சொல்கிறோம்.

தென்றல்வாசல் எழுதியது:

ஆசிரியைக்கு நேர்ந்தது வருத்தத்திற்குரியது. ஆயினும் விலங்குக் கதைகளை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் வீட்டின் நிலை இதற்கு நேர்மாறானது.

என் மகனுக்கு ஏழு வயது. அவன் ஒரு கோடு வரைந்தாலும் வீட்டில் நான்கு பேர் வியந்து பாராட்டுகிறோம். அதைப் படம் எடுத்து உறவினர் குழுவில் அனுப்புகிறோம். பள்ளியிலும் மாதந்தோறும் ஏதோ ஒரு சான்றிதழ் வருகிறது. சென்ற மாதம் எங்கள் அடுக்ககத்தின் காவலர், வயதில் என் தந்தையை ஒத்தவர், ஒரு பொட்டலத்தின் மேலிருந்த ஆங்கில முகவரியை வாசித்துச் சொல்லும்படி அவனிடம் கேட்டார். "தாத்தா, உங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, வாசித்துச் சொல்லாமலே ஓடிவந்துவிட்டான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவனிடம் நேரடியாக அறிவுரை சொன்னால் காதில் ஏறாது. சிங்கத்தின் வலையை அறுத்த எலியைப் பற்றிச் சொன்னால் உட்கார்ந்து கேட்கிறான். ஆகையால் எனக்கு இந்தக் கதைகள் வேண்டும். எந்தக் கதை, எப்படிச் சொல்வது என்பதை மட்டும் பெரியவர்கள் சொல்லுங்கள்.

கோடும்வண்ணமும் எழுதியது:

நான் சிறுவர் நூல்களுக்கு ஓவியம் வரைபவள். இந்தப் பிழையில் ஓவியர்களுக்கும் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

காக்கையும் மயிலும் கதையை வரையும்படி எங்களுக்கு வந்தால், பெரும்பாலோர் செய்வது இதுதான்: மயிலுக்கு நீலமும் பச்சையும் பொன்னும் அள்ளி வழங்குவோம், காக்கைக்குக் கருமையை அப்பி, கண்ணைச் சற்றே கோணலாக்கி, வாயைப் பிளந்துவைப்போம். கதை ஒரு சொல்லும் சொல்லாத முன்பே, யார் அழகு, யார் அழகில்லை என்ற தீர்ப்பை முதல் பக்கத்திலேயே வழங்கிவிடுகிறோம். உண்மையான காக்கையை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். அதன் சிறகில் ஊதாவும் நீலமும் ஓடும். கழுத்தில் சாம்பல் நிறம் மெல்ல இறங்கி வரும். அந்தக் காக்கையை வரைந்திருந்தால், "இதற்கு எதற்கு மயிலிறகு?" என்று குழந்தையே கேட்டிருக்கும், கதையும் வேறு கதையாகியிருக்கும்.

படக்கதையில் பணிவு என்பது அளவும் பார்வைக்கோணமும் சார்ந்த விஷயம் என்று நான் கருதுகிறேன். காளையைப் போல் ஆக வேண்டும் என்று வயிற்றை ஊதி ஊதி வெடித்துப்போகும் தவளையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தவளை ஒவ்வொரு பக்கத்திலும் பெரிதாகிக்கொண்டே போகும்; தாளைப் புரட்டுவதே குழந்தைக்கு ஒரு விளையாட்டாகிவிடும். ஆனால் காளையின் முதுகிலிருந்து கீழே பார்ப்பதுபோல் வரைந்தால், தவளை கேலிக்குரிய பொருள். குளக்கரைச் சேற்றில் தவளைக்குஞ்சுகளுடன் உட்கார்ந்து மேலே பார்ப்பதுபோல் வரைந்தால், தன் பிள்ளைகள் கண்ட பெரிய உருவத்துக்கு ஈடாகத் தன்னைக் காட்ட முயலும் ஒரு தாயின் தவிப்பு தெரியும். கதையில் ஒரு சொல்லும் மாறவில்லை. குழந்தை எங்கே உட்கார்ந்து பார்க்கிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

சிங்கமும் எலியும் கதையிலும் அப்படித்தான். பெரும்பாலான நூல்களில் வலை அறுந்தவுடன் சிங்கம் கம்பீரமாக நிற்க, எலி அதன் காலடியில் கைகூப்பி நிற்கும். காப்பாற்றியது எலி, வணங்குவதும் எலி! இதை யாரும் பிழையாகவே கருதுவதில்லை. நான் ஒருமுறை சிங்கத்தைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, அதன் மூக்கும் எலியின் மூக்கும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வரைந்து கொடுத்தேன். சிங்கத்தின் மிடுக்கு போய்விட்டது, மாற்றித் தாருங்கள் என்று கேட்டார்கள். அந்த மிடுக்கு போவதுதானே கதை என்று எடுத்துச் சொல்லியும் பயன் இல்லை. கடைசியில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

வளர்பிறை எழுதியது:

குழந்தை உளவியலில் முதுகலை பயிலும் மாணவன் நான். இந்த இழைக்குத் தொடர்புடைய இரண்டு ஆய்வுகள் உண்டு.

முதலாவது, கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2017இல் வெளியானது. நான்கு முதல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரு படக்கதையை வாசித்துக் காட்டினார்கள். ஒரு பிரிவினருக்கு அதன் பாத்திரங்கள் விலங்குகள். மற்றொரு பிரிவினருக்கு அதே கதை, அதே படங்கள், ஆனால் விலங்குகளின் இடத்தில் மனிதர்கள். கதைக்கு முன்னும் பின்னும், பிள்ளைகள் தமக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டிக்கர்களில் எத்தனையை வேறொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எண்ணினார்கள். மனிதர் கதையைக் கேட்டவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை. அதே வேளையில், விலங்குகளும் மனிதரைப் போலவே எண்ணும், உணரும் என்று கருதிய பிள்ளைகள் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். எனவே விலங்கு கூடாது என்பதைவிட, அந்த விலங்கைத் தன்னைப் போன்ற ஓர் உயிராகக் குழந்தை உணர்ந்ததா என்பதே கேள்வி என்று நான் புரிந்துகொள்கிறேன். ஓவியர் அம்மா சொன்ன சேற்றுமட்டப் பார்வையும் இதைத்தானே செய்கிறது?

இரண்டாவது, 2014இல் வந்த ஆய்வு. அது நேர்மையைப் பற்றியது. பொய் சொல்லி ஓநாயிடம் ஆடுகளைப் பறிகொடுத்த சிறுவன், பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மை ஆகிய தண்டனைக் கதைகள், மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் உண்மை பேசுவதைக் கூட்டவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டதற்காகத் தந்தையால் பாராட்டப்பட்ட சிறுவனின் கதைதான் கூட்டியது. அக்கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பயனும் மறைந்துபோனது.

இரண்டுமே பணிவைப் பற்றியவை அல்ல. இருப்பினும் காக்கை கொத்துப்படுவது, தவளை வெடிப்பது, ஆமை விழுவது என்று நம் பணிவுக் கதைகள் பெரும்பாலும் தண்டனையிலேயே முடிவதைப் பார்க்கும்போது, இரண்டாவது ஆய்வு என்னை யோசிக்க வைக்கிறது. பணிந்ததால் ஒருவருக்கு நல்லது நடந்தது என்று முடியும் கதைகள் எத்தனை இருக்கின்றன?

யாப்பு எழுதியது:

தம்பி வளர்பிறை கேட்ட கேள்விக்குத் தமிழாசிரியன் என்ற முறையில் விடை தேடிப் பார்த்தேன்.

அதற்கு முன் ஒரு கதை. மகாபாரதத்தின் கர்ண பருவத்தில், தேரோட்டியாக வந்த சல்லியன் கர்ணனுக்கு ஒரு காக்கையின் கதையைச் சொல்கிறான். வணிகன் ஒருவனுடைய பிள்ளைகளின் எச்சிற்சோற்றைத் தின்று கொழுத்த காக்கை, நூற்றொரு விதமாகப் பறக்கத் தெரியும் என்று பெருமை பேசி, அன்னத்தைப் போட்டிக்கு அழைத்துக் கடலுக்கு மேலே களைத்து விழுகிறது. எனக்குத் தெரிந்தது ஒரே விதம்தான் என்று சொல்லியிருந்த அன்னம், அதைத் தூக்கி வந்து கரை சேர்க்கிறது. தனியே எடுத்துப் படித்தால் இதைவிட நல்ல பணிவுக் கதை இருக்க முடியாது. வென்ற அன்னத்திற்கு ஒரே விதம்தான் தெரியும், அதுவும் தோற்றவரைச் சுமந்து வருகிறது. ஆனால் அதைச் சொன்னவன் யார், எதற்காகச் சொன்னான்? பிறப்பைக் காட்டி வாழ்நாள் முழுவதும் இழிவுபடுத்தப்பட்ட ஒருவனிடம், போர்க்களத்தின் நடுவில், நீ எச்சில் தின்ற காக்கை என்று சொல்லி அவன் உள்ளத்தை உடைப்பதற்காகச் சொன்னான். ஆண்டு விழாவில் அந்தப் பிள்ளைகள் செய்தது, அவர்கள் அறியாமல், இதே செயல்தான்.

'பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு' என்பது 963ஆம் குறள். இது அடக்கமுடைமையில் இல்லை. மானம் என்னும் அதிகாரத்தில் இருக்கிறது. செல்வம் பெருகியவனுக்கு வள்ளுவர் பணிவைச் சொல்கிறார். வறுமையில் சுருங்கியவனுக்கு நிமிர்வைச் சொல்கிறார். தென்றல்வாசலின் மகனுக்கு முதல் அடி வேண்டும். அந்தச் சிறுமிக்கு இரண்டாம் அடி வேண்டும். ஒரே வகுப்பறையில் இருவரும் உட்கார்ந்திருக்கும்போது ஒரே கதையை எப்படிச் சொல்வது என்பதுதான் ஆசிரியையின் உண்மையான சிக்கல்.

என் பரிந்துரை ஔவையாரின் தனிப்பாடல் ஒன்று.

'வான்குருவியின் கூடு வல்லரக்குத் தொல்கரையான்
தேன்சிலம்பி யாவருக்குஞ் செய்யரிதால் யாம்பெரிதும்
வல்லோமே என்று வலிமைசொல வேண்டாங்காண்
எல்லார்க்கும் ஒவ்வொன் றெளிது.'

தூக்கணாங்குருவியின் கூடு, அரக்கு, கரையான் புற்று, தேனடை, சிலந்தி வலை ஆகியவற்றை வேறு யாராலும் செய்ய முடியாது. இங்கே எந்த உயிரும் அடிபடவில்லை, கேலிக்கு ஆளாகவில்லை. பெருமை பேசுபவன் அடங்குவான். தனக்கு எதுவும் வராது என்று ஒடுங்கியிருப்பவள், தனக்கு எளிதான ஒன்று எதுவென்று தேடத் தொடங்குவாள்.

கதையாகவே வேண்டுமென்றால் ஜாதகக் கதைகளில் தித்திர ஜாதகம் உண்டு. ஆலமரத்தடியில் வாழ்ந்த யானை, குரங்கு, கௌதாரி ஆகிய மூன்றும், தமக்குள் யார் மூத்தவர் என்று ஆராய்ந்தன. நான் கன்றாக இருந்தபோது இந்த மரம் என் வயிற்றை உரசும் உயரம்தான் என்றது யானை. நான் தரையில் உட்கார்ந்தபடியே இதன் கொழுந்தைக் கடித்திருக்கிறேன் என்றது குரங்கு. நான் தின்று எச்சமிட்ட விதையிலிருந்துதான் இது முளைத்தது என்றது கௌதாரி. அன்று முதல் யானை கௌதாரியை வணங்கியது. பூட்டானில் இந்தக் காட்சியை, முயலையும் சேர்த்து நான்கு நண்பர்களாக, வீட்டுச் சுவர்களிலும் மடாலயங்களிலும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

கோடும்வண்ணமும் எழுதியது:

ஐயா, தித்திர ஜாதகத்தை வரையக் கை துடிக்கிறது. ஆனாலும் ஒரு தயக்கம் உண்டு. மூத்தவரை வணங்கு என்பதைத் தவிர வேறு எதையுமே கேட்காத சிறுமிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மூப்பு ஒன்றுக்காக மட்டுமே யானை வணங்குமானால், இந்தக் கதையும் அவர்களை வாயடைக்கும் கருவியாகிவிடாதா?

யாப்பு எழுதியது:

நியாயமான தயக்கம் அம்மா. அக்கதை பௌத்தத் துறவிகளுக்குள் யாருக்கு முதல் இருக்கை என்ற பூசல் எழுந்தபோது சொல்லப்பட்டது. ஆகவே மூப்பு அதில் அழுத்தமாக நிற்கிறது. என்னைக் கேட்டால், யானை நிழலுக்கு ஒதுங்கும் அந்த மரத்தையே உண்டாக்கியது ஒரு சிறு பறவை என்ற இடத்தில் அழுத்தம் கொடுத்து வரையலாம். வயது பின்னணிக்குப் போய்விடும். நன்றி முன்னால் வரும்.

தென்றல்வாசல் எழுதியது:

ஐயா, தூக்கணாங்குருவிப் பாடலை நான் அப்படியே மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கூடு எப்படி இருக்கும் என்று கேட்டான். என்னால் சரியாக விளக்க இயலவில்லை. காவலர் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பது நினைவுக்கு வந்து, அவரிடமே கேட்கலாம் என்று அழைத்துச் சென்றேன். ஆண் குருவிதான் கூடு கட்டும் என்பதையும், இலையின் ஓரத்தில் அலகால் கீறி நீளமான நாராகக் கிழித்தெடுக்கும் என்பதையும், பாதி கட்டிய கூட்டைப் பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் மீதியைக் கட்டும் என்பதையும் அவர் கையசைத்து விளக்கினார். பிறகு ஒரு தென்னங்கீற்றைக் கிழித்து இவனிடம் கொடுத்து, இரண்டு நாரைப் பின்னிக் காட்டச் சொன்னார். அரை மணி நேரம் முயன்றும் இவனால் முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை, அவன் விரல்களைப் பிடித்து மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் பள்ளி விட்டு வந்தவுடன், பையை என்னிடம் தந்துவிட்டு அவரிடம் ஓடினான்.

நான் அவனிடம் எந்த விளக்கமும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும்படியும் வற்புறுத்தவில்லை. அது சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிலேட்டுப்பலகை எழுதியது:

அனைவருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஒவ்வொரு மறுமொழியையும் பலமுறை வாசித்தேன்.

முதலில் அந்தச் சிறுமியிடம் தனியே பேசினேன். அந்தக் கதையை வாசித்தது என் பிழை என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு, அந்த நூலை மூலையிலிருந்து எடுத்துவிடாமல், வகுப்பில் மீண்டும் விரித்து, அந்தக் காக்கைக்கு மயிலிறகு ஏன் தேவைப்பட்டிருக்கும் என்று கேட்டேன். பிள்ளைகள் முதலில் பழைய விடையையே சொன்னார்கள். சற்று நேரம் கழித்து ஒருவன், "அதை யாருமே விளையாடச் சேத்துக்கல போல" என்றான். அதற்குமேல் நான் எதையும் சேர்க்கவில்லை.

ஐயா காட்டிய பாடலைத் தேடியபோது ஔவையாரின் இன்னொரு பாடல் கண்ணில் பட்டது. 'கற்றது கைம்மண் அளவு' என்று தொடங்குவது. அதன் முடிவில் 'எறும்பும் தன் கையால் எண் சாண்' என்று வருகிறது. இதைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ஓர் எறும்பை வரைந்துவிட்டு, எல்லாரையும் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தைக் கோடிட்டு, தம் தம் கையாலேயே அளக்கச் சொன்னேன். வகுப்பிலேயே உயரமான பையன் தன் சாணால் எட்டு வந்தான். மிகக் குட்டையான பையனும் எட்டுதான். நான்கு விரற்கடை கூடுதல். நம்ப முடியாமல் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றி அளந்தார்கள். எறும்புக்குக் கை எது, அதற்குச் சாண் எவ்வளவு இருக்கும் என்று பெரிய விவாதமே நடந்தது. அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை.

கடைசியில் அந்தச் சிறுமி எழுந்து வந்து, "டீச்சரையும் அளக்கலாமா?" என்று கேட்டாள். சுவரில் சாய்ந்து நின்றேன். நாற்காலியின் மேல் ஏறி நின்று கோடு போட்டாள். அவள் சாணால் நான் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. "இப்ப உங்க கையால அளங்க டீச்சர்" என்றாள். அளந்தேன். எட்டு வந்தது. தன் கோட்டுக்கும் என் கோட்டுக்கும் பக்கத்தில் ஒரே எண்ணை எழுதிவிட்டு, அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.